அத்தை கையில் நிற்காத யூகலேலே

போன வாரம் கோயில் மண்டபத்தில் அந்தப் பையன் யூகலேலே வாசித்தபோது நீங்களெல்லாம் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பாதியிலேயே எழுந்து, கோப்பி கலக்கப் போகிற மாதிரி பின்பக்கம் போய்விட்டேன். "இவளுக்குப் பாட்டுன்னாலே ஆகாது" என்று உங்களில் ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை தாயே, முட்டிதான் போய்விட்டது.

பாட்டு ஆகாமல் இல்லை. அந்தப் பையன் கழுத்தில் ஒரு வார் மாட்டியிருந்தானே, அதைப் பார்த்தீர்களா? வாத்தியம் கையை விட்டு வழுக்காமல் இருக்க அந்த வார். அதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வரிசையாக வருமா என்று தெரியாது. அந்த வருஷத்தில் நடந்தது அப்போதே எனக்குப் புரியவில்லை, பெரியவள் ஆன பிறகு புரிந்துவிட்டது என்று நினைத்தேன், பிறகு அதுவும் தப்பு என்று ஆகிவிட்டது. இப்போது மறுபடியும் குழப்பத்தில்தான் இருக்கிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்குச் சில வருஷங்கள் முன்னால். எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில். ரயில் போனால் அடுப்படித் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். துணி காயப்போட்டால் கரித்தூள் படியும், அம்மா தினமும் எஞ்சினைத் திட்டுவாள். அப்பா செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். அப்பாவின் தங்கைதான் என் அத்தை. அப்பாவைப் பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு ஒரு தம்பி, கிள்ளானில் ரயில்வே சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. அவர்தான் மாமா. அப்பா அந்த வீட்டில் பெண் எடுத்தார், அதனால் அத்தையை அந்த வீட்டுக்கே கொடுப்பது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம்.

உங்களுக்குத் தெரியாததா, நம் வீடுகளில் பெண்ணைக் கூப்பிட்டு "உனக்குப் பிடிச்சிருக்கா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அசிங்கம், பதில் சொன்னால் அதைவிட அசிங்கம். அதற்குப் பதிலாக நோட்டம் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வருகிற நாளில் என்ன பூ வைக்கிறாள், அவர் குடித்த டம்ளரை எப்படி எடுக்கிறாள், அவர் கொடுத்த சாமானை எங்கே வைக்கிறாள், இதையெல்லாம் பார்த்துப் பெண்ணின் மனசை இவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். என் அம்மா அதில் கெட்டிக்காரி என்று அந்த வரிசையில் பெயர்.

மாமா கொடுத்த சாமான்தான் அந்த யூகலேலே. கப்பலில் வந்து இறங்கிய மணிலாக்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். மாமா நண்பர்களோடு சேர்ந்து மாண்டலின் வாசிப்பார், கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ரயிலில் வந்து, பழைய துண்டில் சுற்றிய அதை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்னக் கித்தார் மாதிரி, கைக்குழந்தை நீளம். தேன் நிறத்தில் மரம், நடுவில் இருந்த ஓட்டையைச் சுற்றிக் கிளிஞ்சல் பதித்த வளையம். உள்ளே மூக்கை வைத்தால் வார்னிஷும் ஏலக்காயும் கலந்த மாதிரி ஒரு வாசம். நரம்பெல்லாம் ஆட்டுக் குடலில் முறுக்கியது என்று மாமா சொன்னதும் அம்மா இரண்டடி தள்ளிப் போய்விட்டாள்.

"ஐயய்ய, வெள்ளிக்கிழமை அத சாமி அறைப் பக்கம் கொண்டு வராதீங்க."

"சாமி ஒன்னும் சொல்லாது லா, அக்கா. மத்தளத்துலயும் தோல்தானே," என்றார் மாமா.

அவருக்கு ஓர் ஆசை. நிச்சயத்தன்று கிள்ளானிலிருந்து வருகிற அத்தனை பேர் முன்னாலும் அத்தை அதில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். "எங்க ஆளுங்க எல்லாம் வாயப் பொளந்துட்டுப் பாக்கணும்" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. அதனால் ஒரு வேடிக்கையான ஏற்பாடு. மாமா முன்னறையில் உட்கார்ந்து என் விரல்களை நரம்பின்மேல் ஒவ்வொன்றாக வைப்பார். "இது இங்க, இது இங்க, இப்ப அமுக்கு." நான் அதை மனசில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, அத்தையின் விரல்களை அதே மாதிரி வைப்பேன். அத்தை மீட்டுவாள். முன்னறையிலிருந்து "சரிதான்!" என்று சத்தம் வரும், அல்லது "மூணாவது விரல்!" என்று வரும். அப்படியே பாட்டு பாட்டாக அத்தை கற்றுக்கொண்டாள். ஆடி மாதத்தில் அவள் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எனக்கு விரல் நுனியெல்லாம் எரியும். நரம்பு பள்ளம் போட்டுவிடும். அந்த எரிச்சலோடுதான் அத்தையிடம் ஓடுவேன்.

"ஒனக்கு வலிக்கலயா அத்தே?"

"இல்லையே," என்பாள். அவளுக்கு வீரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் பொறாமைகூட இருந்தது.

ஆவணி பிறந்த பிறகுதான் அது வழுக்க ஆரம்பித்தது. நன்றாக வாசித்துக்கொண்டே இருப்பாள், வாத்தியத்தின் கழுத்து இடது கையை விட்டுத் தாழ்ந்துகொண்டே போகும். முட்டியால் முட்டுக்கொடுப்பாள். ஒரு நாள் மாமா முன்னறையில் இருக்கும்போதே அடுப்படிச் சிமெண்டில் டொம்மென்று விழுந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

அன்று சாயந்திரம் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பட்டறையில் ஏதாவது சரியாக ஓடவில்லை என்றால் வெள்ளைக்கார ஃபோர்மேன் உடனே ஆளைத்தான் திட்டுவானாம். அப்பாவுக்கு அது ஆகாது. "மொதல்ல மிஷினப் பாரு. மனுசன் மேல பழியப் போடுறது சுலபம்" என்பார். அதற்காகப் பட்டறையில் ஆட்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்த நல்ல குணத்தால்தான் எல்லாம் இப்படி ஆயிற்று என்றால் நம்புவீர்களா?

"தங்கச்சி மேல தப்பு இல்ல," என்றார் அப்பா. "இந்தச் சாமான் வழவழன்னு இருக்கு. வார்னிஷ் கூடிப்போச்சு. வேர்த்தா வழுக்கத்தான் செய்யும்."

முதலில் வாத்தியத்தின் முதுகில் பழைய கம்பளித் துணியை ஒட்டினார். சட்டையில் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று. பசைக்கு மைதா மாவு காய்ச்சியது நான்தான். கம்பளி நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் கழுத்துப் பக்கம் மறுபடியும் தாழ்ந்தது. அடுத்து வார். பித்தளைக் கம்பியைக் கொக்கியாக வளைத்து, மரத்தில் கீறல் விழாமல் அதற்குத் தோல் சுற்றி, நடு ஓட்டையில் அடிப்பக்கமாக மாட்டினார். அம்மாவின் பாவாடை நாடாவை மூன்றாகப் பின்னி அத்தையின் கழுத்தில் போட்டார். தூக்கி நிறுத்தியது, ஆனால் கையை எடுத்தால் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அந்தக் கொக்கியைப் பிடுங்கிவிட்டு, வால் பக்கம் ஒரு மரப் பொத்தானைப் பதித்து, தலைப்பக்கம் முறுக்காணிகளுக்குக் கீழே நாடாவைக் கட்டினார். இப்போது கையை விட்டாலும் வாத்தியம் நெஞ்சில் அப்படியே நின்றது. அப்பா என்னைக் கூப்பிட்டு, கையை விடச்சொல்லி, குதிக்கச் சொல்லி, சுற்றச் சொல்லிப் பார்த்தார். விழவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வழுக்கல் நின்றதும் அடுத்தது வந்தது. அத்தை அமுக்கினால் நரம்பு படியவில்லை. சத்தம் செத்த சத்தமாக வந்தது. மூன்றாவது விரல், அதுதான் மோதிர விரல், நரம்பைத் தொடும், ஆனால் உட்காராது. "நரம்பு ஒசந்து நிக்குது" என்று அப்பா தலைப்பக்கத்து எலும்புக் கட்டையை அரத்தால் ராவித் தாழ்த்தினார். ராவியது கூடிப்போய் நரம்பு வண்டு மாதிரி ரீங்கரித்தது. சிகரெட் டப்பியின் வெள்ளித்தாளை மடித்துக் கீழே வைத்தார். அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். குடல் நரம்பு காய்ந்துபோனதால்தான் விரலுக்குக் கடினமாக இருக்கிறது என்று, அருவருப்பை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாலு நரம்பிலும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அது ஊறிப்போய்க் கொழகொழவென்று ஆகி, சுருதியே நிற்கவில்லை. மாமா புது நரம்பு கொண்டுவந்தார். எண்ணெய் வாசம் மட்டும் மரத்தை விட்டுப் போகவே இல்லை.

அம்மா கெட்டவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக அப்பா கழுத்தையே சீவ ஆரம்பித்தார். "பொம்பள கைக்கு இது தடிமன்" என்று சோடா பாட்டில் ஒன்றை உடைத்து, அந்தச் சில்லால் மரத்தை இழை இழையாகச் சுரண்டினார். சுருள் சுருளாக விழுந்த தூளை நான் பொறுக்கி முகர்ந்து பார்த்தேன். கழுத்து ஒல்லியானது. மெட்டுகள், நரம்புக்கு அடியில் குறுக்கே பதித்திருக்கும் பித்தளைக் கம்பிகள், அவற்றின் முனை ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் அரம் போட்டு மழுக்கினார். ஒவ்வொரு சாயந்திரமும் பட்டறையிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் அதைத்தான் எடுப்பார். "இப்ப எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்பார்.

"இப்ப பரவால்லண்ணே," என்பாள் அத்தை. அண்ணன் இவ்வளவு பாடுபடும்போது வேறென்ன சொல்வாள்?

அம்மா கொஞ்ச நாளாகவே பேச்சைக் குறைத்திருந்தாள். அத்தையின் முழங்கைப் பக்கம் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. தேமல் என்றாள் அம்மா, கல்யாணமானால் போய்விடும் என்றாள், மஞ்சள் அரைத்துப் பூசினாள். அதைப் பார்த்த கண் அதற்கு மேல் பார்க்கவில்லை. அவள் கண் முழுக்க அந்த வாத்தியம் விழுந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு மத்தியானம் அத்தை கரிப்பெட்டியில் அப்பாவின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் விளையாடினேன். தோல் கருகுகிற வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தையின் இடது கைச் சுண்டுவிரல் பெட்டியின் இரும்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சட்டைக் காலரைப் பார்க்கிறாள். நான் கத்தினேன். அத்தை "ஐயோ" என்று கையை எடுத்தாள், ஆனால் நான் கத்தியதற்குத்தான் பயந்த மாதிரி இருந்தது.

அம்மா ஓடிவந்து கொப்புளத்தைப் பார்த்தாள். மருந்து எதுவும் எடுக்கவில்லை.

"இந்தா பாரு. ஒன் மனசுல என்னடி இருக்கு?"

"ஒன்னும் இல்ல அண்ணி."

"ஒன்னும் இல்லாமயா கை சுட்டது தெரியாம நிக்கிற? நெனப்பு எங்க இருக்கு? என் தம்பி குடுத்த சாமான கீழ போடுற, வாசிச்சா செத்த மாதிரி வாசிக்கிற. ஆடி மாசம் வாசிச்சவதானே நீ? இப்ப என்ன வந்துச்சு?"

"வெரல் சொன்னபடி கேக்க மாட்டேங்குது அண்ணி."

"வெரல் கேக்கலயா, மனசு கேக்கலயா? வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு. பந்தல் போட்ட பெறகு எங்க மானத்த வாங்காத."

அத்தை அழவில்லை. இடது கையை வலது கையால் மூடிக்கொண்டு, "எனக்கு யாரும் இல்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அழுத்தக்காரி என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை விரல் என்கிறாள், அம்மா மனசு என்கிறாள், அப்பா மரம் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கவும் எனக்குப் பயம்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது அம்மா அவரைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். நான் துணிக்கொடிக்கு அடியில் இருந்தேன்.

"யோசிச்சுக்க தம்பி. அவளுக்கு இதுல இஷ்டம் இல்லாத மாதிரி தெரியுது."

"அவ சொன்னாளா?"

"சொல்லித்தான் தெரியணுமா?"

மாமா கையிலிருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "நிச்சயம் வரைக்கும் பாப்பமே, அக்கா. அன்னிக்கு அவ வாசிச்சுட்டா, இஷ்டம்னு வெச்சுக்கலாம்" என்றார். அம்மாவும் சரி என்றாள். இப்படித்தான் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நாலு நரம்பின்மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மா அதை அத்தையிடமும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அத்தை எந்த நேரமும் வாசித்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கிற நேரம், துணி ஊறுகிற நேரம், எல்லா நேரமும். மடங்குகிற விரலை மற்றக் கையால் நிமிர்த்தி நிமிர்த்தி வைப்பாள். அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். பார்க்கிற எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நிச்சயத்துக்குக் கிள்ளான்காரர்கள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். வீடு கொள்ளவில்லை. பாக்கு வெற்றிலை, கல்கண்டு, சந்தனம், சட்டையில் பவுடர், எல்லா வாசமும் ஒன்றாக அடித்தது. அத்தைக்கு அரக்குப் பட்டு. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மொதல்ல ஒரு பாட்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா கதவோரம் நின்றாள்.

அத்தை பாயில் உட்கார்ந்தாள். அப்பா அவரே போய் நாடாவை அவள் கழுத்தில் போட்டுச் சரிசெய்தார். அதைவிடச் சௌகரியமான யூகலேலே இந்த மலாயாவில் இருந்திருக்காது. கம்பளி வைத்த முதுகு, வார் போட்ட உடம்பு, சீவிய கழுத்து, தாழ்த்திய நரம்பு. குறை சொல்ல அதில் எதுவும் பாக்கி இல்லை.

அத்தை வாசித்தாள். முதல் அடி நன்றாக வந்தது. மாமாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இரண்டாவது அடியில் மூன்றாவது விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கின. அவள் விடவில்லை. கையையே மேலும் கீழும் இழுத்து, மிச்ச விரல்களை வைத்துச் சமாளித்தாள். நேராக மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் சீவிய கழுத்தில் சிவப்பாக ஏதோ வழிவதைப் பார்த்தேன். அப்பாவின் அரத்துக்குத் தப்பிய ஒரு மெட்டு முனை அவள் விரலைக் கிழித்திருந்தது. அவள் கையை இழுக்க இழுக்க அது இன்னும் கிழித்தது. ரத்தம் மணிக்கட்டில் இறங்கிப் பட்டில் சொட்டியது. அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

"அத்தே, ரத்தம்!" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்தாள்.

கிள்ளான் கூட்டத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். கட்டுப் போட எழுந்து வந்தவர், கட்டுப் போடவில்லை. அவள் விரல்களை நீட்டிப் பார்த்தார், முழங்கையின் வெளிறிய இடத்தைப் பார்த்தார். குத்துவிளக்குத் திரியிலிருந்து ஒரு பஞ்சு நூலைப் பிரித்தார்.

"கண்ண மூடிக்கம்மா. நான் தொடும்போது சொல்லு."

அத்தை கண்ணை மூடினாள். அவர் பஞ்சால் சுண்டுவிரலைத் தொட்டார். புறங்கையைத் தொட்டார். அந்த வட்டத்தைத் தொட்டார்.

"தொடுங்க," என்றாள் அத்தை, கண்ணை மூடிக்கொண்டே. "இன்னும் தொடலயே?"

டிரஸ்ஸர் அப்பாவை வெளியே கூட்டிப் போனார். பெரிய வியாதி என்று சொன்னாராம். அந்தக் காலத்தில் குஷ்டம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். யார் சொல்லி யாருக்குத் தெரிந்ததோ, சிறிது நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. மாமா போகவில்லை, அவருடைய ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப் போனார்கள். மாண்டலினை மறந்துவிட்டுப் போனார்.

அப்பா அன்று முழுக்க யூகலேலேயை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் அளந்து பாத்தேன்," என்றார், என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. "அவ கைய ஒரு தடவ புடிச்சுப் பாக்கல." பிறகு அத்தையின் பாய் தலையணையோடு அதையும் போட்டு எரித்துவிட்டார்கள். தேங்காயெண்ணெய் ஊறிய மரமல்லவா, குப்பென்று பிடித்துக்கொண்டது.

அந்த வியாதிக்காரர்களை ஒதுக்கி வைக்கிற சுங்கை பூலோவுக்குக் கூட்டிப் போகச் சர்க்கார் லோரி வந்த நாளில் வரிசை முழுக்கச் சன்னல்களைச் சாத்திவிட்டார்கள். அத்தையைப் பின்கட்டில் தனியாக வைத்திருந்தார்கள். ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. எனக்கு அது எவ்வளவு குழப்பமாக இருந்தது தெரியுமா? இத்தனை நாள் தலையைக் குனிந்து நடந்தவள், அன்று நிமிர்ந்து நடந்தாள். அம்மா படியில் நின்றாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை தள்ளி நின்றே பேசினாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட ஒன்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு இஷ்டம் இல்லாம இல்ல. ரொம்ப இஷ்டம். கைதான் கேக்கல. இப்ப நீங்களே பாத்துட்டீங்கல்ல?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினாள். லோரி கிளம்பியதும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அப்பா திரும்பி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

அதன் பிறகு அப்பா மாதாமாதம் போய்ப் பார்த்து வருவார். எங்களைக் கூட்டிப் போக மாட்டார். மாமா மறு வருஷமே வேறு பெண்ணைக் கட்டினார். நல்ல மாமி, யாரும் குறை சொல்ல முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் அங்கே சோறில்லாமல் நிறையப் பேர் போய்விட்டார்கள், அத்தையும் அதில் போய்விட்டாள். அம்மா கடைசி வரைக்கும் அவள் பேச்சை எடுத்ததில்லை. குற்ற உணர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவம், தெரியாமல் திட்டிவிட்டாள், அதை மறக்க முடியவில்லை என்று அம்மாவுக்காக அழவும் செய்திருக்கிறேன்.

அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, மாமாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். மாமியும் தவறிவிட்டார். மாமா கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடை ரேடியோவில் ஏதோ கித்தார் பாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு வந்திருக்க வேண்டும்.

"உங்க அத்தைக்கு என்னைப் பிடிக்கல பாப்பா," என்றார் அவர். "வியாதி வந்துச்சு, அது வேற. மனசு மொதல்லயே இல்லயாம். லோரி ஏறும்போது உங்கம்மாகிட்ட அவளே சொல்லிட்டுப் போனாளாம். எனக்கு இதுல இஷ்டமே இல்ல, அவர வேற பொண்ணப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள்? தம்பி அந்த வியாதிக்காரியை நினைத்தே வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வானே என்ற பயமா? தன் நோட்டம் பொய்யாகிவிட்டது என்ற ரோஷமா? தம்பிமேல் வைத்த பாசமா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதை யாரிடம் போய்க் கேட்பது?

"இல்ல மாமா. நான் பக்கத்துலதான் நின்னேன். என் காதால கேட்டேன். ரொம்ப இஷ்டம்னுதான் சொன்னா. கைதான் கேக்கலன்னு சொன்னா. உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

பாட்டு முடிந்து செய்தி வந்தது, அதுவும் முடிந்தது.

"அந்த சுங்கை பூலோ கேட் வரைக்கும் நான் எத்தனையோ தடவ போயிருக்கேன் பாப்பா," என்றார். "இஷ்டம் இல்லாதவளப் போயி எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, வெளிய நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்."